ஜனநாயகத் தாய் வீட்டின் யோக்கியதை

நமது நாட்டில் படித்தவர்கள் என்று சொல்லிக் கொள்ளுகிறவர்களுக்கு இங்கிலாந்து தேசத்துப் பார்லிமெண்டு என்றால் ஒரு தனி பக்தி உண்டு. வைதிகனுக்குக் காசி எப்படியோ அப்படி இவர்களுக்கு லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் அந்தக் கட்டடம். "பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய்" என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளுவார்கள். அங்கே எல்லாம் சட்டப்படி நடக்கும், அங்கே பத்திரிகைகள் யாருக்கும் அஞ்சாது, அங்கே ஜனங்கள் நினைத்தபடிதான் ராஜ்ய பாரம் நடக்கும் என்று நமக்கு வெகு நாளாகச் சொல்லி வருகிறார்கள்.

எதையும் பரீட்சித்துப் பார்க்காமல் ஒப்புக் கொள்ளுவது நமது வழக்கமல்ல. பரீட்சித்துப் பாராமல் தள்ளிவிடுவதும் நமது வழக்கமல்ல. ஆகையால், அந்தத் தாய் வீட்டில் 2011-ம் வருஷத்தில் இரண்டு மாத இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களை எடுத்துக் கொண்டு, அதன் யோக்கியதை என்னவென்று பார்ப்போம். ஒன்று, மே மாதம் 5-ந் தேதி ஓட்டு முறையை மாற்றுவதா வேண்டாமா என்று ஜனங்களைக் கேட்ட சங்கதி. மற்றொன்று, ஜூலை மாதம் 4-ந் தேதி வெளியான பத்திரிகை ஊழல். இரண்டும் வேறு வேறு சங்கதி என்றே பலரும் நினைத்தார்கள். நாமோ இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டிகள் என்று கருதுகிறோம்.

தராசின் கதை

முதலில் ஓட்டு எண்ணும் முறையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஒரு தொகுதியில் எத்தனை பேர் நின்றாலும், யாருக்கு மற்றவர்களைவிட ஒரு ஓட்டு அதிகமோ அவரே மெம்பர். நூறு பேர் ஓட்டுப் போட்டு, ஒருவருக்கு 34, மற்ற இருவருக்கும் தலைக்கு 33 என்றால், 66 பேர் வேண்டாம் என்ற மனிதர் அந்த நூறு பேருக்கும் பிரதிநிதி ஆகிவிடுகிறார். தோற்றவர்களின் ஓட்டுகள் குப்பைக்குப் போகின்றன.

இது ஒரு தொகுதியில் நடந்தால் சில்லறை அநியாயம். தேசம் முழுவதும் 650 தொகுதியிலும் நடந்தால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். 2015-ம் வருஷத்துத் தேர்தலில் யூ.கே. இண்டிபெண்டன்ஸ் கட்சிக்கு 38 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு விழுந்தது. கிடைத்த ஸ்தானம் ஒன்றே ஒன்று. அதே தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு விழுந்தது 14 லட்சத்துச் சில்லறை. கிடைத்ததோ 56 ஸ்தானம். 2024-ம் வருஷத்தில் சீர்திருத்தக் கட்சி என்று பொருள்படும் ரிஃபார்ம் கட்சிக்கு 41 லட்சம் ஓட்டுக்கு 5 ஸ்தானம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 35 லட்சம் ஓட்டுக்கு 72 ஸ்தானம்.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்லுகிறோம். 2019-ம் வருஷத்தில் தொழிற்கட்சிக்கு ஒரு கோடியே 2 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு விழுந்தது. 202 ஸ்தானங்களோடு படுதோல்வி என்றார்கள். 2024-ல் அதே கட்சிக்குச் சுமார் 97 லட்சம் ஓட்டு, அதாவது முன்னைவிடக் குறைவு. ஆனால் 411 ஸ்தானம்! பூரண வெற்றி என்றார்கள். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 34 பேர்கூட ஆதரிக்காத கட்சிக்கு, நூற்றுக்கு 63 பங்கு ஸ்தானம். ஒரு கடைக்காரன் ஒரு படி அரிசிக்குக் காசு வாங்கிக் கொண்டு ஒருவனுக்கு இரண்டு படியும், மற்றொருவனுக்கு ஒரு பிடியும் அளந்து போட்டால், ஊர் ஜனங்கள் அவனைச் சும்மா விடுவார்களா? இங்கே அளக்கப்படுவது அரிசியல்ல, அதிகாரம். அதனால்தான் யாரும் கேட்பதில்லை போலும்!

இந்தத் தராசு கோணல் என்பது அவர்களுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். 1832-க்கு முன் ஓல்டு சாரம் என்ற, குடியிருக்க ஆளில்லாத ஒரு மேட்டுக்கு இரண்டு மெம்பர்கள் இருந்தார்கள். ஆலைகள் நிறைந்த மான்செஸ்டர் பட்டணத்துக்கோ ஒரு மெம்பரும் இல்லை. அதைத் திருத்தவே பெருங் கிளர்ச்சி வேண்டியிருந்தது. 1838 முதல் சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர்கள் வயது வந்த ஆண்களுக்கெல்லாம் ஓட்டு வேண்டும், ரகசிய ஓட்டு வேண்டும் என்று போராடி ஜெயிலுக்குப் போனார்கள். ரகசிய ஓட்டு கிடைத்தது 1872-ல். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1928-ல். ஒன்றாவது மேலே இருந்தவர்கள் மனமுவந்து கொடுத்ததல்ல.

1931-ல் ஓட்டு முறையை மாற்ற ஒரு மசோதா காமன்ஸ் சபையில் நிறைவேறியும், பிரபுக்கள் சபையில் சிக்கி, மந்திரி சபை கவிழ்ந்ததோடு செத்தது. 1997-ல் தொழிற்கட்சி இது பற்றி ஜனங்களையே கேட்போம் என்று தேர்தல் அறிக்கையில் வாக்குக் கொடுத்தது. நூற்றுக்கு 43 ஓட்டுக்கு 659-ல் 418 ஸ்தானங்களைப் பெற்று மந்திரி சபை அமைத்தது. ஜென்கின்ஸ் பிரபு தலைமையில் கமிஷன் போட்டது. 1998-ல் கமிஷன் ரிப்போர்ட்டும் கொடுத்தது. அந்த ரிப்போர்ட்டு அலமாரிக்குப் போனது. கொடுத்த வாக்கு காற்றில் போனது. ஏன்? கோணல் தராசினால் லாபம் பெற்றவன் தராசைத் திருத்துவானா?

மே மாதத்து வாக்கெடுப்பு

நிற்க. 2010-ல் எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி கிடைக்கவில்லை. நூற்றுக்கு 23 ஓட்டு வாங்கி 57 ஸ்தானமே பெற்றிருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியின் தயவு கன்சர்வேடிவ் கட்சிக்கு வேண்டியிருந்தது. அந்தத் தயவுக்கு விலையாகத்தான் 2011-ல் வாக்கெடுப்பு வந்தது. இப்படிக் கட்டாயம் வந்தபோதும், ஓட்டுக்குத் தக்க ஸ்தானம் கொடுக்கும் விகிதாசார முறை வேண்டுமா என்று ஜனங்களைக் கேட்கவில்லை. வரிசை ஓட்டு என்ற அரை வைத்தியம் வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். லிபரல் டெமாக்ரட் தலைவர் கிளெக் என்பவரே ஒரு வருஷத்துக்கு முன் அற்ப சமரசம் என்று இகழ்ந்த முறை அது.

வரிசை ஓட்டு என்றால் என்ன? ஒரு கிராமத்தில் கிணறு வெட்ட வேண்டும். நூறு பேர் கூடுகிறார்கள். 40 பேர், எல்லோரும் நுழைய முடியாத கோயில் மதிலுக்குள் வெட்ட வேண்டும் என்கிறார்கள். மீதி 60 பேர் எல்லோரும் தண்ணீர் எடுக்கக் கூடிய பொது இடத்தில் வேண்டும் என்கிறார்கள். ஆனால் அவர்களில் 35 பேர் வடக்குத் தெரு என்றும், 25 பேர் தெற்குத் தெரு என்றும் பிரிந்து நிற்கிறார்கள். இங்கிலாந்து முறைப்படி எண்ணினால் கிணறு கோயிலுக்குள் போய்விடும். வரிசை ஓட்டில் ஒவ்வொருவரும் தமக்கு முதலில் எது, அது இல்லாவிட்டால் எது என்று 1, 2, 3 போடுகிறார்கள். கடைசியில் நிற்கும் தெற்குத் தெருவைத் தள்ளி, அந்த 25 பேரின் இரண்டாவது விருப்பமாகிய வடக்குத் தெருவுக்கு அந்த ஓட்டுகளைச் சேர்த்தால், 60 பேர் சம்மதத்தோடு கிணறு பொது இடத்தில் வெட்டப்படும். இவ்வளவுதான் சங்கதி.

இதை எதிர்த்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? முறை தப்பு என்று நேர்மையாக வாதித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நமக்குக் குறையில்லை. ஆனால் பட்டணத்துச் சுவர்களில் ஒட்டியது என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியில் சீக்காய்க் கிடக்கும் ஒரு பச்சைக் குழந்தையின் படம்! இந்தக் குழந்தைக்கு வேண்டியது இருதய சிகிச்சை வசதி, புது ஓட்டு முறையல்ல என்று அதன் கீழே எழுத்து. இன்னொன்றில் ஒரு சிப்பாய். அவனுக்கு வேண்டியது குண்டு துளைக்காத சட்டையாம், புது ஓட்டு முறையல்லவாம். மாற்றத்துக்கு 25 கோடி பவுன் செலவாகும் என்று பயம் காட்டினார்கள். அந்த 25 கோடியில், எப்படியும் நடக்கப் போகிற வாக்கெடுப்பின் செலவையே சேர்த்திருந்தார்கள். வாங்குவதாக யாரும் முடிவு செய்யாத எண்ணும் இயந்திரங்களுக்கு 13 கோடி என்றும் போட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1918 முதல் இந்த முறை இருக்கிறது. கீழ்ச்சபை ஓட்டுகளைக் கையால்தான் எண்ணுகிறார்கள்.

தோஷம் நீங்கப் பரிகாரம் செய்யாவிட்டால் உன் குழந்தை சாகும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஜோசியனுக்கும் இந்த விளம்பரக்காரனுக்கும் என்ன பேதம்? அங்கே கிரகம், இங்கே ஓட்டுச் சீட்டு. இரண்டிலும் முதல் போட்டது தாயின் பயம்!

முடிவு என்ன? ஓட்டர்களில் நூற்றுக்கு 42 பேர் மட்டுமே வந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் ஒரு கோடியே 30 லட்சம். வேண்டும் என்றவர்கள் 61 லட்சம். 440 பகுதிகளில் 10 பகுதிகளே மாற்றத்துக்கு ஆதரவு. சன், டெய்லி மெயில், டெய்லி டெலிகிராப் முதலிய, ஏராளமாக விற்கும் பத்திரிகைகள் வேண்டாம் என்ற பக்கம் நின்றன. கார்டியன், இண்டிபெண்டண்ட் போன்ற சில பத்திரிகைகள் வேண்டும் என்ற பக்கம் நின்றன.

தோல்விக்குப் பத்திரிகைகள் மாத்திரமே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அது பொய்யாகும். காலேஜ் சம்பளத்தை உயர்த்த விடமாட்டோம் என்று மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 2010 டிசம்பரில் அதை மூன்று மடங்காக உயர்த்தத் துணை போன கிளெக்கின் நாணயக் கேடும் ஒரு பெரிய காரணம். ஆனால், சொல்லிய சேதியைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் ஜனங்கள். அந்தச் சேதியைச் சொல்லுகிறவர்களின் யோக்கியதை என்ன என்பது இரண்டே மாதத்தில் அம்பலத்துக்கு வந்தது.

ஜூலை மாதத்து நாற்றம்

நியூஸ் ஆப் தி வோர்ல்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. 1843-ல் ஆரம்பித்தது, 2011-ல் வாரம் 26 லட்சம் பிரதிகள் போல விற்றது. சொந்தக்காரர் ரூபர்ட் முர்டோக் என்ற முதலாளி. சன், டைம்ஸ் முதலிய பத்திரிகைகளும் அவருடையவையே. ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்கப் பிரஜையானவர். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு ஓட்டும் கிடையாது. ஆனால் லட்சக்கணக்கான ஓட்டர்களுக்குத் தினமும் காலையில் புத்தி சொல்லுகிறவர்.

கைப் போனை எடுக்காவிட்டால், கூப்பிட்டவர் தாம் சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிவு செய்து வைப்பார். அந்தப் பதிவுப் பெட்டிக்கு ஒரு ரகசிய எண் உண்டு. பெரும்பாலோர் கம்பெனி கொடுத்த பழைய எண்ணையே மாற்றாமல் வைத்திருந்தார்கள். இந்தப் பத்திரிகைக்காரர்கள் அந்த எண்ணைப் போட்டு உள்ளே புகுந்து, பிறர் பேச்சை எல்லாம் கேட்டுச் சேதியாக்கி விற்றார்கள். கன்னம் வைக்கும் திருடனாவது ராத்திரியில் வருவான். இவர்கள் பட்டப்பகலில் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருடினார்கள்.

2006-ல் போலீசார் பிடித்தார்கள். ராஜ குடும்பத்துச் சேதி ஆசிரியர் ஒருவரும், துப்பறியும் ஆசாமி ஒருவரும் 2007-ல் ஜெயிலுக்குப் போனார்கள். ஒரு அழுகல் பழம், எடுத்தெறிந்தாகிவிட்டது என்று கம்பெனி சொல்லியது. துப்பறிகிறவனிடமிருந்து போலீசார் கைப்பற்றிய குறிப்புகள் சுமார் 11,000 பக்கம்! ஆனாலும் மேலே விசாரிக்கவில்லை. 2009 ஜூலையில் கார்டியன் பத்திரிகை விஷயத்தை மறுபடி கிளப்பியபோது, விசாரிக்க ஒன்றும் இல்லை என்று ஒரே நாளில் ஒரு பெரிய போலீஸ் அதிகாரி முடிவு சொல்லிவிட்டார். போலீசாருக்கு முன்பு பணம் கொடுத்ததுண்டு என்று அந்தக் கம்பெனியின் பெண் ஆசிரியர் ஒருவர் 2003-லேயே பார்லிமெண்டுக் கமிட்டி முன் சொல்லியிருந்தார் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியில் 2011 ஜூலை 4-ந் தேதி வந்த சேதி ஊரையே உலுக்கியது. 2002-ல் காணாமற்போய்க் கொலையுண்ட 13 வயதுப் பெண் ஒருத்தியின் போன் பெட்டிக்குள்ளும், பெற்றோர் அவளைத் தேடிப் பரிதவித்துக் கொண்டிருந்த நாட்களிலேயே, இவர்கள் புகுந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் சில பதிவுகளை அழித்ததால் பெற்றோர் பெண் உயிரோடிருப்பதாக நம்பினார்கள் என்று முதலில் வந்த சேதி, பிறகு ஊர்ஜிதமாகவில்லை. அதையும் நாம் சொல்லிவிட வேண்டியது நேர்மை. அழிக்காவிட்டாலும் கேட்டது கேட்டதுதானே?

ஒரு வாரத்தில், ஜூலை 10-ந் தேதியோடு, 168 வருஷப் பத்திரிகை மூடப்பட்டது. லண்டன் போலீஸ் தலைவரும், முன் சொன்ன பெரிய அதிகாரியும் அடுத்தடுத்த நாளில் ராஜினாமாச் செய்தார்கள். முர்டோக் பார்லிமெண்டுக் கமிட்டி முன் வந்து, தமது வாழ்நாளில் இதுவே மிகவும் பணிவான நாள் என்றார்.

பிரதம மந்திரி காமெரன் என்ன செய்திருந்தார்? 2007 ஜனவரியில் இந்த ஊழலுக்காகப் பதவியை விட்ட ஆசிரியர் ஆண்டி கூல்சனை, ஆறே மாதத்தில் தம் கட்சிப் பிரசார அதிகாரியாக்கி, 2010-ல் மந்திரி மாளிகைக்கே கூட்டிப் போனார். அந்த மனிதர் 2014-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 18 மாத தண்டனை பெற்றார். காமெரன் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். வழக்கில் நின்ற மற்றவர்களில் சிலர், முன் சொன்ன பெண் ஆசிரியர் உட்பட, விடுதலையானார்கள்.

கன்சர்வேடிவ் கட்சி மாத்திரம் இப்படியா? 1995-ல் தொழிற்கட்சித் தலைவர் பிளேர், முர்டோக் கம்பெனியாரின் மாநாட்டில் பேச, பாதி உலகத்தைச் சுற்றி ஆஸ்திரேலியாவுக்கு அருகிலுள்ள ஒரு தீவுக்குப் பறந்தார். 1997 மார்ச்சில் சன் பத்திரிகை அவரை ஆதரித்தது. 1992-ல் கன்சர்வேடிவ் கட்சி ஜெயித்தபோது, ஜெயித்தது எங்களால்தான் என்று இதே சன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டுக் கொண்டது. முன்னாள் பிரதம மந்திரி ஜான் மேஜர் 2012-ல் விசாரணைக் கமிஷன் முன் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்: 1997 பிப்ரவரியில் ஒரு விருந்தில், ஐரோப்பா சம்பந்தமான கொள்கையை மாற்றாவிட்டால் தம் பத்திரிகைகள் ஆதரிக்காது என்று முர்டோக் சொன்னாராம். முர்டோக்கோ அதே கமிஷன் முன், எந்தப் பிரதம மந்திரியிடமும் தாம் எதையும் கேட்டதில்லை என்று சத்தியம் செய்தார். இரண்டு சத்தியங்களில் எது சத்தியம் என்பது வாசகர்கள் பாடு.

சாமி பேசாது, பூசாரி பேசுவான்

மக்கள் குரலே மகேசன் குரல் என்று நம் ஊரில் ஒரு பேச்சுண்டு. ஜனநாயகவாதிகள் இதை மிகப் பெருமையாகச் சொல்லிக் கொள்ளுகிறார்கள். நாம் கேட்கிறோம்: மகேசன் குரலை இதுவரை யார் கேட்டது? பூசாரி சொன்னதைத்தானே கேட்டோம்? சாமி பேசாது. பூசாரிதான் சாமி கிடா கேட்கிறது, சாராயம் கேட்கிறது என்பான். கிடாயும் சாராயமும் போய்ச் சேருமிடம் பூசாரி வீடு.

அதே மாதிரி, பொதுஜன அபிப்பிராயம் என்ற வாயில்லாச் சாமிக்குப் பத்திரிகை முதலாளி பூசாரியாக வந்திருக்கிறான். ஜனங்கள் இதை விரும்புகிறார்கள், இதை வெறுக்கிறார்கள் என்று அவனே சொல்லுகிறான். அவன் சொல்லுவதை நம்பி மந்திரிகள் அவன் வாசலில் நிற்கிறார்கள். மந்திரிகள் நிற்பதைப் பார்த்து ஜனங்கள் அவன் சொல்வதே நிஜம் என்று நம்புகிறார்கள்.

இதில் கோணல் தராசு எங்கே வருகிறது? அதுதான் முக்கியம். நூற்றுக்கு 34 பேரைக் கொண்டு ராஜ்யம் பிடிக்கலாம் என்றால், தேசம் முழுவதையும் திருப்ப வேண்டியதில்லை. தடுமாறும் தொகுதிகளில் சில ஆயிரம் பேரை இப்படியோ அப்படியோ சாய்த்தால் போதும். ஒரு சிறு சாய்வுக்கு ராஜ்யமே பரிசு என்கிறபோது, சாய்க்கக் கூடியவன் என்று பேர் எடுத்தவனுக்கு எவ்வளவு விலை! அவன் நிஜமாகச் சாய்க்கிறானா இல்லையா என்பதுகூட முக்கியமில்லை. மந்திரிகள் அப்படி நம்பிப் பயந்தால் போதும். அதாவது தராசு கோணலாக இருக்கிற வரையில் தரகனுக்கு மவுசு. தரகனுக்கு மவுசு இருக்கிற வரையில் தராசு நிமிராது.

இனி, ஊழலுக்குப் பின் என்ன ஆயிற்று? லெவிசன் என்ற நீதிபதி விசாரித்து 2012 நவம்பரில் ரிப்போர்ட்டுக் கொடுத்தார். முப்பது வருஷமாக எல்லாக் கட்சித் தலைவர்களும் பத்திரிகைக்காரர்களோடு பொது நன்மைக்கு ஒவ்வாத அளவு ஒட்டி உறவாடினார்கள் என்றார். சுயேச்சையான ஒரு கண்காணிப்புச் சபை வேண்டும், அதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும் என்றார். பெரிய பத்திரிகைகள் அதை ஒப்பாமல், 2014-ல் தாங்களே செலவு கொடுத்து ஒரு சபை வைத்துக் கொண்டன. குற்றவாளியே சம்பளம் கொடுத்து நீதிபதியை வைத்துக் கொண்டதற்கு ஒப்பாகும் இது. போலீசுக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவை விசாரிக்க வேண்டிய இரண்டாவது பாகத்தை 2018-ல் சர்க்காரே ரத்து செய்தது. கண்காணிப்பில் சேராத பத்திரிகைகள் வழக்குச் செலவை ஏற்க நேரிடும் என்ற 2013-ம் வருஷத்துச் சட்டப் பிரிவு ஒரு நாளும் அமுலாகாமல் 2024-ல் நீக்கப்பட்டது. சன் பத்திரிகைக்காகத் துப்பறிந்தவர்களும் சட்ட விரோதக் காரியம் செய்தார்கள் என்று அந்தக் கம்பெனி ஒப்புக் கொண்டு, ராஜகுமாரர் ஹாரியிடம் மன்னிப்புக் கேட்டது 2025 ஜனவரியில்தான். ராஜா மகன் கோர்ட்டுக்குப் போய் மன்னிப்பு வாங்க இத்தனை வருஷம் என்றால், கூலிக்காரன் மகன் கதி என்ன?

ஆட்சேபங்கள்

நம்மைப் பார்த்துச் சிலர் மூன்று கேள்வி கேட்கக் கூடும்.

ஒன்று: பாமர ஜனங்களுக்கு 1, 2, 3 என்று வரிசை போடும் முறை விளங்குமா? நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எனக்கு அரைமணி நேரத்தில் விளங்கியது. அயர்லாந்துக் குடியானவர்கள் நூறு வருஷமாக வரிசை போடுகிறார்கள். நியூசிலாந்துக்காரர்கள் 1993-ல் ஜனங்களைக் கேட்டே பழைய இங்கிலாந்து முறையைத் தூக்கி எறிந்தார்கள். ஸ்காட்லாந்துச் சட்டசபைக்கு 1999 முதல் வேறு முறைதான். ஜனங்களுக்கு விளங்காது என்பது, சூத்திரனுக்கு வேதம் விளங்காது என்றவனுடைய பேச்சின் மறுபதிப்பு.

இரண்டு: விகிதாசார முறை வந்தால் நமக்குப் பிடிக்காத, அந்நியரை வெறுக்கும் கட்சிகளுக்கும் ஸ்தானம் கூடுமே? கூடும். நாம் மறைக்கவில்லை. அந்தக் கட்சிகளின் கொள்கை நமக்கு விஷம். ஆனால் தராசு நமக்கு வேண்டியவனுக்குச் சரியாகவும், வேண்டாதவனுக்குக் கோணலாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறவன் நியாயவாதியல்ல. அவனும் ஒரு மனுதான். ஒரு கெட்ட கொள்கையைச் சபையில் எதிரே உட்கார வைத்து எல்லோரும் பார்க்கத் தோற்கடிக்க வேண்டும். அல்லாமலும், இன்று அவனைத் தள்ளி வைக்கும் அதே கோணல், நாளை அவனுக்கே நூற்றுக்கு 34 ஓட்டில் ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று: பத்திரிகைக்குச் சர்க்கார் வாய்ப்பூட்டுப் போட வேண்டும் என்கிறாயா? ஒருக்காலும் இல்லை. வாய்ப்பூட்டின் ருசி நம் இயக்கத்துக்குத் தெரியும். 1933-ல் "குடிஅர"சில் ஒரு தலையங்கம் எழுதியதற்காகப் பெரியாரும், பத்திரிகையை வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளும் 1934-ல் தண்டிக்கப்பட்டவர்கள். ஆகையால் சர்க்கார் கையில் கத்தரிக்கோலைக் கொடு என்று நாம் சொல்ல மாட்டோம். ஊழலை வெளிக்கொண்டு வந்ததும் கார்டியன் என்ற ஒரு பத்திரிகைதானே! நாம் கேட்பது வேறு. ஒரே ஆள் இத்தனை பத்திரிகை வைத்துக் கொள்ளலாமா? பொய் என்று ருசுவானால் அது வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட வேண்டாமா? ஏழைக்கு அவதூறு நேர்ந்தால் காசில்லாமல் நியாயம் கிடைக்க வழி வேண்டாமா? எழுதுகிறவனின் சுதந்திரம் வேறு, விற்கிறவனின் சுதந்திரம் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் காப்பாற்றிக் கொள்ளுவதுதான் இந்த வியாபாரத்தின் தந்திரம்.

நமக்கு இதில் என்ன?

இங்கிலாந்துக்காரன் சண்டை நமக்கேன் என்று கேட்கலாம். அந்தக் கோணல் தராசைத்தான் வெள்ளைக்காரன் போகும்போது விட்டுப் போனான். நாம் பூசை செய்து வருகிறோம். 2014-ம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 44 ஓட்டு வாங்கிய கட்சிக்கு 39-ல் 37 ஸ்தானம்; சுமார் 23 வாங்கிய தி.மு.கழகத்துக்கு ஒன்றுமில்லை. அதே தேர்தலில் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 31 ஓட்டு வாங்கிய பாரதிய ஜனதாக் கட்சிக்கு 543-ல் 282.

அவரவர் எண்ணிக்கைக்குத் தக்க பங்கு என்பது நமக்குப் புதிய பேச்சல்ல. 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடங்கொடாததால்தான் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். உத்தியோகத்தில் பங்கு கேட்டபோது, திறமை கெட்டுவிடும் என்று எந்தக் கூட்டத்தார் கூச்சலிட்டார்களோ, அதே ராகத்தில்தான் லண்டனிலும் ஸ்திரமான ஆட்சி கெட்டுவிடும் என்று பாடுகிறார்கள். பங்கு கொடுக்க மனமில்லாதவனுக்கு எந்த ஊரிலும் ஒரு உயர்ந்த காரணம் அகப்படும்.

2022-ல் தொழிற்கட்சி மாநாடு விகிதாசார முறை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தலைவர்கள் 2024-ம் வருஷத் தேர்தல் அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் தனி மெம்பர் ஒருவர் இதற்காக மசோதா கொண்டுவர அனுமதி கேட்டபோது 138-க்கு 136 என்ற கணக்கில் அனுமதி கிடைத்தது, சட்டமாக அல்ல. கோயில் நிர்வாகத்தைத் திருத்து என்று அர்ச்சகனிடமே மனுக் கொடுத்துக் கொண்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். சார்ட்டிஸ்டுகளுக்கும், ஓட்டுக்காகச் சிறை சென்ற பெண்களுக்கும் இது தெரிந்திருந்தது. அவர்கள் மனுக் கொடுத்ததோடு நிற்கவில்லை.

ஆகவே தோழர்களே! யாராவது உங்களிடம் வந்து ஜனங்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள் என்று சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தத் தராசில் நிறுத்தாய்? நிறுக்கும் முன் அவர்கள் காதில் ஓதியது யார்? இந்த இரண்டுக்கும் நேரான பதில் வராத வரையில், அந்தத் தீர்ப்பு லண்டனில் வந்தாலும் சரி, நமது தாலுகாவில் வந்தாலும் சரி, அது பூசாரி சொன்ன அருள்வாக்கே. நாளை டீக்கடையில் பத்திரிகையைக் கையில் எடுக்கும்போது, முதலில் சேதியைப் படிக்காதீர்கள். சொந்தக்காரன் யார் என்று பார்த்துவிட்டுப் பிறகு படியுங்கள்.